காகிதக் கூழ்க் கூடை: ஆறு கோடைகளுக்குப் பிறகு

எங்கள் வீட்டில் கூழ் என்றால் இரண்டு. ஒன்று வடகத்துக்குக் கிண்டுவது. மற்றொன்று பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைப்பது. இரண்டும் ஒரே மாதத்தில், ஒரே மொட்டைமாடியில், ஒரே வெயிலை நம்பி நடக்கின்றன. ஒருமுறை அத்தை தொலைபேசியில் "கூழ் எப்படி வந்தது?" என்று கேட்டார். "உப்பு சரியாக இருக்கிறது, அத்தை" என்றேன். அவர் கேட்டது கூடையைப் பற்றி.

முதல் கூடையை 2019 மே மாதம் திருச்சியில் செய்தேன். லால்குடியில் மாமியார் வீட்டுப் பரணில் ஒரு காகிதக் கூழ்க் கூடை உண்டு. என் திருமணத்துக்கு முன்பே செய்தது. இன்றும் அதில் பூண்டு இருக்கிறது. அதைப் பார்த்த ஆசையில்தான் ஆரம்பித்தேன். இதுவரை ஐந்து கூடைகள் செய்திருக்கிறேன். மூன்று இன்னும் உழைக்கின்றன, ஒன்றை எலி தின்றது, ஒன்று செய்த மாதமே உதிர்ந்தது. செய்த புதிதில் எல்லாக் கூடையும் அழகாகத்தான் இருக்கும். நாலைந்து மழைக்காலம் பார்த்த பிறகு அது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உதிர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ செய்தித்தாளுக்கு 50 கிராம் வெந்தயம் போதும் என்று நானே முடிவு செய்திருந்தேன். காய்ந்து வந்த கூடை பார்வைக்கு லட்சணமாக இருந்தது. வெங்காயத்தைப் போட்டு இரண்டு முறை தூக்கி வைத்ததும் ஓரம் அதிரச விளிம்பு போல உதிரத் தொடங்கியது. அத்தை வந்தபோது அதை நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்தார். "வெந்தயத்தில் மிச்சம் பிடித்திருக்கிறாய்" என்றார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம்.

அடுத்த முறை 100 கிராம், பிறகு 150. என் கையில் 150 கிராம்தான் நின்றது. ஊறிய வெந்தயத்தை அரைக்கும்போது வழவழவென்று பொங்கி வருமே, அதற்குக் காரணம் அதிலுள்ள கேலக்டோமன்னன் என்னும் பிசின். இட்லி மாவில் சேர்த்தால் இட்லியை மெத்தென்று ஆக்குவதும், காகித நாரோடு சேர்த்தால் அதைக் கட்டிப் பிடிப்பதும் அந்தப் பிசின்தான். வெந்தயத்தின் கசப்பு பூச்சியை அண்டவிடாது என்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. காரணம் பிறகு வருகிறது.

செய்முறை எளிது, ஆனால் நாள் பிடிக்கும். தாளைக் கையகலத் துண்டுகளாகக் கிழித்து மூன்று நாள் ஊறவைக்க வேண்டும். தினமும் தண்ணீரை மாற்றாவிட்டால் இரண்டாம் நாளே சாக்கடை வாடை வந்துவிடும். பளபளப்பான விளம்பரத் தாள்களையும் வார இதழ் அட்டைகளையும் முன்பே பிரித்துவிடுங்கள், அவை கரையாமல் செதில் செதிலாக நிற்கும். ஊறிய தாளைப் பிழிந்து பிசைந்து, தண்ணீர் தாராளமாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில் ஓட்டி, மறுபடியும் பிழிய வேண்டும். அவசரப்பட்டு ஜாரை நிரப்பி ஓட்டியதில் ஒரு மிக்ஸியின் மோட்டார் புகைந்து போனது. பழுதுபார்த்தவர் ஜாரின் அடியில் ஒட்டியிருந்த கூழைச் சுரண்டி எடுத்து, "என்ன சட்னி இது?" என்று கேட்டார். அப்போதிருந்து காகிதத்துக்கென்றே ஒரு பழைய ஜார் தனியாக இருக்கிறது. உரல், உலக்கை உள்ளவர்கள் பாக்கியசாலிகள்.

அரைத்த வெந்தயத்தைக் கூழோடு சேர்த்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டிக்கொண்டே வர வேண்டும். இங்கேதான் பலருக்கும் கூடை வெடிக்கிறது. கூழ் காயக் காயச் சுருங்கும், உள்ளே இருக்கும் எவர்சில்வர் பாத்திரம் சுருங்காது. எனவே பாத்திரத்தின் மேல் முதலில் ஒரு ஈரத்துணியைப் போர்த்தி, அதன் மேல்தான் தட்ட வேண்டும். ஒரு முழு வெயில் பட்டு, தோல் போல இறுகியதும் துணியோடு சேர்த்துக் கழற்றி, துணியை உரித்துவிட்டு உட்புறத்தைச் சூரியனுக்குக் காட்ட வேண்டும். முழுதாகக் காயட்டும் என்று பாத்திரத்திலேயே விட்டால் மூன்றாம் நாள் உச்சியில் கீறல் விழும். மாலையில் கட்டாயம் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். கத்திரி வெயிலிலும் விடியற்காலைப் பனி உண்டு. ஒரு கிலோ தாளில் ஓர் அடி அகலமுள்ள கூடை இரண்டு வரும். ஒவ்வொன்றும் அரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

சரி, உழைப்பு எப்படி?

பூண்டு, சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்ந்த மிளகாய்: இவற்றுக்கு இதைவிட நல்ல கூடையை நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் கூடையில் அடியில் இருக்கும் வெங்காயம் வியர்த்து அழுகும். இதில் ஈரத்தைக் கூடையே குடித்துவிடுகிறது. 2020-இல் செய்த பெரிய கூடையில் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் ஒரு மாதத்துக்கு மேல் தாங்குகிறது. முளைவிடுவது உண்டு, அழுகுவது அபூர்வம். ஆனால் குடித்த ஈரம் கூடைக்குள்தானே இருக்கும்? ஐப்பசி, கார்த்திகையில் அதை வெறும் தரையில் வைத்தால் அடிப்பாகம் ஊறித் தொய்ந்துவிடும். 2021 அடைமழையின்போது சுவரோரம் வைத்திருந்த கூடையில் சாம்பல் நிறப் பூசணம் பிடித்தது. துடைத்து, இரண்டு நாள் வெயில் காட்டியதும் பூசணம் போனது, கறை போகவில்லை. இப்போது எல்லாக் கூடைகளும் மரப்பலகை மேல்தான் இருக்கின்றன.

பூச்சி விஷயம். இராமபாணப் பூச்சி வெந்தயக் கசப்பைச் சட்டை செய்யவில்லை. அது வந்தது நான் அழகுக்காக மைதாப் பசையில் வண்ணத்தாள் ஒட்டிய கூடைக்கு மட்டும். பசை போடாத கூடைகளை அது தொடவில்லை. புத்தகம் பைண்டு செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி வராது. ஆனால் அது விஷம். சமையலறைக்குள் வரும் பொருளில் அதற்கு இடமில்லை. எனவே நான் அலங்காரத்தை விட்டுவிட்டேன். கூடை இப்போது களிமண் நிறத்தில், யானைத் தோல் போலத்தான் இருக்கும். என் மகள் அதை "நீர்யானைக் குட்டி" என்கிறாள்.

எலிக்கு மட்டும் மருந்து இல்லை. தேங்காய் வைத்த கூடையை ஒரே இரவில் ஓட்டை போட்டுவிட்டது.

அத்தை வீட்டில் ஒரு காலத்தில் இந்தக் கூடைகளில் அரிசி மாவும் ரவையும் இருந்தனவாம். நான் வைப்பதில்லை. செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்ட வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரிலேயே எச்சரித்தது. 2018-இல் வந்த பொதி விதிகளும் அதைத் தடை செய்கின்றன. அச்சு மையில் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கலாம் என்பதுதான் காரணம். ஊறவைத்து அரைத்தால் மை போய்விடுமே என்று கேட்பவர்கள் ஒருமுறை அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் மாற்றும் தண்ணீரும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், கூடையும் அதே நிறம்தான். எனவே செய்தித்தாள் கூடையில் தோல் உரித்துச் சமைக்கும் பொருள்கள் மட்டும். காய்ந்த மிளகாய்க்குத் தோல் இல்லாததால் அடியில் துணி விரித்து வைக்கிறேன். இதைச் சொன்னபோது அத்தை, "நாங்கள் எல்லாம் சாப்பிட்டு இருக்கவில்லையா?" என்றார். அந்தக் கேள்விக்கு எந்த மருமகளிடமும் பதில் கிடையாது.

வடகத்துக்கென்று ஒரு சிறிய கூடையை வேறு தாளில் செய்தேன். மகளுடைய பள்ளி நோட்டுகளில் ஆண்டு முடிவில் எழுதாமல் மிஞ்சும் பக்கங்களை இரண்டு வருடம் சேர்த்து, 2022 கோடையில் அரைத்தேன். எழுதும் தாளில் மை பரவாதிருக்கப் பூச்சு இருப்பதால் அது தண்ணீரை எளிதில் வாங்காது. ஊற ஐந்து நாளானது. ஆனால் நார் வலுவாக இருக்கிறது. கூடை தயிர் நிறத்தில் வந்தது. என் கூடைகளிலேயே உறுதியானது அதுதான்.

இனி அந்த இன்னொரு கூழ். ஒரு கிலோ பச்சரிசியும் 150 கிராம் ஜவ்வரிசியும் ஊறவைத்து நைசாக அரைத்து, ஓர் இரவு புளிக்கவிட்டு, மறுநாள் விடியும் முன் அடுப்பேற்றுகிறேன். தண்ணீர் கொதிக்கும்போதே அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், உப்பு. உப்பு வாயில் போட்டால் குறைவாகத் தெரிய வேண்டும், காய்ந்து சுண்டும்போது அது ஏறிக்கொள்ளும். கூழ் வெந்ததா என்று பார்க்க, கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும். ஒட்டினால் வேகவில்லை. இறக்கியதும் எலுமிச்சைச் சாறு. ஏழு மணிக்குள் மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கரண்டியால் ஊற்றி முடித்துவிட்டால், மாலையில் துணியைப் புரட்டிப் பின்புறம் தண்ணீர் தெளித்து உரிக்கலாம்.

அந்த மாலை நேரத்து வடகம் ஒரு சங்கடமான பிறவி. மேலே காய்ந்து, நடுவே ஈரமாக, காது மடல் போலத் துவண்டு கிடக்கும். டப்பாவில் போட்டால் இரவு முழுக்க வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டும். தாம்பாளத்தில் பரப்பினால் அடிப்பக்கம் ஈரம் அப்படியே நிற்கும், எறும்பும் வரும். நோட்டுத்தாள் கூடையில் மெல்லிய துணி விரித்துக் கொட்டி வைத்தால், விடியற்காலையில் பிரித்துப் பிரித்து எடுக்க வருகிறது. துணியைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்றிருக்கும். வடகத்தின் ஈரத்தைத் துணி வாங்கிக் கூடைக்குக் கொடுத்திருக்கும். இந்த இரண்டு மூன்று இரவுகளுக்காகவே அந்தக் கூடையை நான் செய்ததாகச் சொல்லலாம்.

நெடுநாள் வைத்திருக்க மட்டும் இது உதவாது. அதே 2022-இல் காய்ந்த வடகத்தை மூன்று பங்காக்கி, தகர டின், பிளாஸ்டிக் டப்பா, இந்தக் கூடை என்று வைத்துப் பார்த்தேன். ஐப்பசியில் எடுத்துப் பொரித்தபோது டின்னில் இருந்தது பூவாக மலர்ந்தது. பிளாஸ்டிக்கில் இருந்ததில் சிக்கு வாடை. ஒரு வெயில் குறைவாக இருக்கும்போதே மூடிய தவறு என்னுடையது. கூடையில் இருந்தது நமத்துப் பாதிதான் பொரிந்தது. போதாக்குறைக்கு வெந்தய மணம். வீட்டுக்காரர் ஒரு கடி கடித்துவிட்டு, "இது வெந்தய வடகமா?" என்று கேட்டார். புதுக் கூடையில் அந்த மணம் ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும். அதுவரை மணத்தை வாங்கிக்கொள்ளும் எதையும் நாள்கணக்கில் அதில் வைக்காதீர்கள்.

கூடை செய்யப் பொறுமை இல்லாதவர்கள் முறத்திலிருந்து தொடங்கலாம். புது மூங்கில் முறத்தின் இடுக்குகள் அடைபட, இதே கூழை இன்னும் தளர்வாகக் கரைத்து இருபுறமும் மெழுகிக் காயவைத்தால் போதும், அரை நாள் வேலை. இதற்கும் நோட்டுத்தாள்தான் எடுத்தேன். மெழுகிய பிறகு ரவைகூடச் சிந்துவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் மெழுக வேண்டும். செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, வட்டமாக ஒட்டிச் சூடான பாத்திரம் வைக்கும் தட்டும் செய்தேன். முதல் குழம்புச் சட்டியின் ஆவியிலேயே பிரிந்துகொண்டது. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

செலவு என்று பார்த்தால் வெந்தயம்தான். தாள் இலவசம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் வீட்டில் செய்தித்தாள் வாங்குவதை நிறுத்திவிட்டோம். எல்லோரும் கைபேசியில் படிக்கிறார்கள். இந்தச் சித்திரையில் எலி தின்ற கூடைக்குப் பதிலாக ஒன்று செய்யலாம் என்று பார்த்தால், பரணில் மூன்று தாள்கூட இல்லை. தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் பையோடு போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே தராசை இழுத்து வைத்து, "போடுங்கள் அம்மா, எத்தனை கிலோ?" என்றார். போட வரவில்லை, வாங்க வந்தேன் என்று அவருக்குப் புரியவைக்கவே சிறிது நேரம் ஆயிற்று. இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டு, "பஜ்ஜிக் கடை போடுகிறீர்களா?" என்று கேட்டார்.