சைக்கிளின் ஹெட்செட் போய்விட்டது என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

முன் பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டில்பாருக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். சைக்கிளைக் கடையில் விட்டேன். மெக்கானிக் இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஹெட்செட் பேரிங் முழுவதும் போய்விட்டது, மாற்றியாக வேண்டும்" என்றார். ஹேண்டில்பாரும் முன் சக்கரமும் லேசாகத் திரும்ப, சட்டகத்தின் முன்குழாயில் இருக்கும் பேரிங் தொகுதிதான் ஹெட்செட். மாற்றச் சொன்னேன். புதுப் பேரிங்குக்கும் வேலைக்கும் பணம் வாங்கிக்கொண்டார்.

இரண்டே நாளில் அதே சத்தம். திரும்பக் கொண்டுபோனதும் ஹேண்டில்பாரின் நடுவே இருக்கும் மேல் மூடியின் போல்ட்டை மட்டும் இன்னும் இறுக்கினார். "புதுசு அப்படித்தான், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார். ஹெட்செட் ஓட ஓடச் சரியாகாது. தளர்ந்த ஹெட்செட்டில் ஒவ்வொரு குழியும் பேரிங்கை அடித்து நாசமாக்கும். இது எனக்கு அப்போது தெரியாது.

வீட்டில் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகிப் பார்த்தேன். சக்கரம் அசையவில்லை, ஹேண்டில்பார் தனியாகத் திரும்பியது. உடம்பு சில்லிட்டது. அன்று காலைதான் ஒரு நீண்ட இறக்கத்தில் வேகமாக இறங்கியிருந்தேன். ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் கவையோடு, இணைக்கும் துண்டுதான் ஸ்டெம். அதன் பக்கவாட்டுப் போல்ட்டுகள் இரண்டும் பாதி தளர்ந்திருந்தன. ஸ்டெம்மை ஃபோர்க் குழாயோடு பிடித்து வைப்பவை அவைதான். மேல் மூடியின் போல்ட் பேரிங்கை அழுத்திக் கொடுப்பதோடு சரி.

ஸ்டெம்மைக் கழற்றி, ஃபோர்க் நழுவி விழாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு இறக்கினேன். உள்ளே இருந்தவை என் பழைய பேரிங்குகளே. கிரீஸ் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு விரலில் மாட்டிச் சுற்றினேன், வழுவழுவென்று சுற்றின. மாற்றவும் இல்லை, மாற்ற வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சத்தத்துக்குக் காரணம் வேறு. சில மாதங்களுக்கு முன் அதே கடையில் போட்ட புது ஸ்டெம் பழையதைவிட உயரம் குறைவு. அதனால் ஃபோர்க் குழாயின் மேல்விளிம்பு ஸ்டெம்மின் விளிம்போடு சமமாக வந்துவிட்டது. மூடி குழாயில் முட்டி நின்றதே தவிர, பேரிங்கை அழுத்தவே இல்லை. குழாய் 2 முதல் 3 மில்லிமீட்டர் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். ஒரே ஒரு ஸ்பேசர் வளையம் போட்டதும் இடைவெளி வந்தது.

இந்த மூடி வைத்த வகையை வீட்டிலேயே இறுக்கலாம். பெரும்பாலும் அலன் கீ போதும். பக்கவாட்டுப் போல்ட்டுகளை முதலில் தளர்த்துங்கள். அவை பிடித்திருக்கும்போது மேலே எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. பிறகு மேல் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். முன் பிரேக்கைப் பிடித்து, ஹெட்செட்டின் கீழ் இணைப்பில் விரலை வைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருப்பது விரலுக்கே தெரியும். பிரேக்கின் ஆட்டத்தோடு குழப்பிக்கொள்ளாமலிருக்க, சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பியும் ஒருமுறை பாருங்கள். ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்துங்கள். முன்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்டில்பார் தடையில்லாமல் தானே திரும்ப வேண்டும். கடைசியில் சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மை வைத்து, பக்கவாட்டுப் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, ஸ்டெம்மில் பொறித்திருக்கும் முறுக்கு அளவுக்கு இறுக்குங்கள்.

கடையில் கொடுப்பதானால், கழற்றிய பழைய பேரிங்கைக் கையில் கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை. வண்டியில் ஏறுவதற்கு முன் அங்கேயே சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டில்பாரைத் திருகிப் பாருங்கள்.