ஏ.ஆர்.டி. மையத்தில் ‘ஆடிட்’ வினாத்தாள்: ஒரு மதிப்பீடு

குடிப்பழக்கம் ஒருவருக்கு எந்த அளவுக்குத் தீங்காகியிருக்கிறது என்பதைக் கண்டறிய, உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் நடத்திய ஆய்வின் வழியாக உருவாக்கிய ‘ஆடிட்’ வினாத்தாளில் பத்தே கேள்விகள் இருக்கின்றன. முதல் மூன்று குடிக்கும் அளவையும், அடுத்த மூன்று அடிமைநிலையின் அறிகுறிகளையும், கடைசி நான்கு குடியால் நேர்ந்த பாதிப்புகளையும் விசாரிக்கின்றன. மொத்தம் 40 மதிப்பெண்ணில் 8 வந்தாலே எச்சரிக்கை. 20-ஐத் தொட்டால் அடிமைநிலை இருக்கலாம் என்று கருதி மேல்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வாங்க வந்தவர்கள் வரிசையில் காத்திருக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு இது மிகவும் தோதான கருவி.

ஆனால் கேள்வியை எழுதியிருப்பது போலவே வாசித்துவிட்டுப் போனால், நம் ஊரில் இது ஏமாற்றிவிடும். இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை ‘அளவு’ குடிப்பீர்கள் என்று கேட்கிறது. ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால். டாஸ்மாக் கடையில் விற்கும் 42.8 சதவீத பிராந்தியில் 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம், அதாவது ஆறு அளவு இருக்கிறது. தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவர் “ஒண்ணுதான் சார்” என்று சொல்வதை ஆற்றுப்படுத்துநர் அப்படியே ஒன்று எனக் குறித்துக்கொண்டால், முதல் மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து அவருக்குக் கிடைப்பது 4 மதிப்பெண். சரியாகக் கணக்கிட்டால் 10. ‘கட்டிங்’ (அரைக் குவார்ட்டர்) என்றால் மூன்று அளவு. உள்ளூர்ப் பழக்கத்துக்கேற்ப அளவுகளை மாற்றிக்கொள்ளுங்கள் என்று இதன் கையேடே சொல்வதால், குவார்ட்டர், கட்டிங், பீர் பாட்டில் ஆகியவற்றின் கணக்கை ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் வைப்பது கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

அந்த 8 என்ற எல்லையையும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களிடையே நடந்த நீண்டகால ஆய்வில், தொற்று இல்லாதவர்களுக்கு மாதம் 70 அளவை (அங்கே ஓர் அளவு சுமார் 14 கிராம்) எட்டியபோது காணப்பட்ட கூடுதல் இறப்பு ஆபத்து, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 30 அளவிலேயே தென்பட்டது. காசநோய்த் தடுப்புக்காக ஐசோனியாசிட் எடுத்துக்கொள்பவர் குடித்தால் கல்லீரலுக்கு ஆபத்து மேலும் கூடும். ஆகவே 5, 6 மதிப்பெண் வாங்கியவரையும் ‘பரவாயில்லை’ என்று அனுப்பிவிடக் கூடாது.

இந்தத் தாளின் பெரிய குறை, மாத்திரையைப் பற்றி அது எதுவும் கேட்காததுதான். போதையில் மறந்து மாத்திரையை விடுபவர்கள் உண்டு. குடித்த அன்று மாத்திரை போட்டால் விஷமாகிவிடும் என்று பயந்து, வேண்டுமென்றே விடுபவர்களும் உண்டு. இரண்டாவது வகையினரைப் பற்றிப் பல நாடுகளில் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவர்களிடம் குடிக்காதீர்கள் என்று மட்டும் அறிவுரை சொன்னால் குடியும் நிற்காது, மருந்தும் உள்ளே போகாது. குடித்த நாளிலும் மாத்திரையை விடக் கூடாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். “குடிச்ச அன்னிக்கு மாத்திரையை என்ன பண்ணுவீங்க?” என்ற ஒரே கேள்வியைத் தாளின் அடியில் சேர்த்துக்கொள்வது, பத்துக் கேள்விகளுக்கும் நிகரான பலனைத் தரும்.

சொல்வதை நம்பித்தான் மதிப்பெண் போடுகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. உகாண்டாவில், இரத்தத்தில் சில வாரங்கள் தங்கும் ‘பெத்’ என்ற மதுச் சுவட்டைப் பரிசோதித்தபோது, குடிக்கவில்லை என்று சொன்னவர்கள் சிலரிடமும் அது இருந்தது. அதட்டும் குரலில், பக்கத்தில் நால்வர் நிற்க, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால் யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? தனி அறை இல்லாத மையத்தில் இந்தத் தாளை நிரப்புவதில் பயனில்லை.

கஞ்சா, தூக்க மாத்திரை, ஊசி போதை பற்றி இதில் எதுவும் இல்லை. அதற்கு அதே நிறுவனத்தின் ‘அசிஸ்ட்’ வினாத்தாளைத்தான் நாட வேண்டும், அதற்கு நேரம் அதிகம் ஆகும். ஊசி போதைப் பழக்கம் உள்ளவர்கள் வரும் மையங்களில் அசிஸ்ட்டும், மற்ற இடங்களில் அளவு அட்டையும் மாத்திரைக் கேள்வியும் சேர்த்த ஆடிட்டும் என்பதே என் பரிந்துரை.