ஐடியா பெட்டியா, மாசக் கூட்டமா, சுவர் போர்டா? மூணையும் ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்

எங்க யூனிட் கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோ பக்கம். பம்ப்புக்கு ஷாஃப்ட் (சுத்தற தண்டு), இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளற சக்கரம்) மிஷினிங் பண்றோம், ரெண்டு ஷிஃப்ட்லயும் சேத்து 34 பேர், நான் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். "உங்க ஆளுங்க மட்டும் எப்படிங்க தானா வந்து யோசனை சொல்றாங்க, எங்க ஆளுங்க வாயே திறக்க மாட்டேங்கறாங்க"ன்னு பக்கத்து யூனிட்காரங்க ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரேடியா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். எங்க ஆளுங்களும் ஒரு காலத்துல வாயைத் திறக்காதவங்கதான். ஆறு வருஷத்துல மூணு முறையை ஓட்டிப் பாத்தோம்: பூட்டு போட்ட ஐடியா பெட்டி, மாசம் ஒரு கூட்டம், இப்போ ஓடிட்டு இருக்கற சுவர் போர்டு. முதல்லயே சொல்லிடறேன், நான் போர்டு கட்சி, அதனால அதைப் பத்திதான் நெறைய எழுதுவேன்.

செலவு பாத்தா மூணுமே ஒண்ணுதான், அதைப் பேசறதுல அர்த்தம் இல்ல.

பெட்டி

இது ரொம்ப பழைய முறைங்க. அமெரிக்காவுல கோடாக் கம்பெனி 1898லயே ஆரம்பிச்சிருக்கு, முதல் பரிசு வாங்கின தொழிலாளி சொன்னது ஜன்னல் கண்ணாடியைக் கழுவுங்க, உள்ள வெளிச்சம் நல்லா வரும்னு, அதுக்கு 2 டாலர் குடுத்திருக்காங்க. அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா ஷாப் ஃப்ளோர்ல வர்ற உண்மையான யோசனை எல்லாம் அந்த சைஸ்லதான் இருக்கும்.

நாங்களும் டைம் ஆபீஸ் பக்கத்துல ஒரு தகரப் பெட்டி மாட்டினோம். சாவி ஓனர் கிட்ட. அவருக்கு நேரம் கிடைக்கறப்போ திறப்பார், அது ரெண்டு மாசமும் ஆகும் மூணு மாசமும் ஆகும். ஒரு நவம்பர்ல திறந்தப்போ ஒரு சீட்டு வந்துச்சு: "3ம் நம்பர் மிஷின் பின்னாடி கூலன்ட் ஒழுகுது, ஒரு தகர ட்ரே வெச்சா போதும்." தேதி ஆகஸ்ட்னு போட்டிருந்துச்சு. நடுவுல செப்டம்பர்ல அதே இடத்துல எங்க ஹெல்பர் பையன் ஒருத்தன் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் வீட்ல இருந்தான். அந்தச் சீட்டைக் கையில வெச்சுட்டு நின்னது எனக்கு இன்னும் மறக்கல. எழுதின ஆபரேட்டர் அண்ணன் கிட்ட போனேன், அவர் சண்டை எல்லாம் போடல, "நான் அன்னைக்கே போட்டேனுங்க"ன்னு மட்டும் சொன்னார். அதுக்கப்புறம் அவர் அந்தப் பெட்டியில எதுவுமே போடல.

இன்னொரு விஷயம், எங்க 34 பேர்ல 13 பேர் ஒடிசா, பீகார் பசங்க. தமிழ்ல எழுத வராது. அப்போ பெட்டியை மாட்டின அன்னைக்கே மூணுல ஒரு பங்கு ஆளுங்களை வெளியில நிறுத்திட்டோம், அது எங்களுக்கு உறைக்கவே ஒரு வருஷம் ஆச்சு.

பெட்டிக்கு ஒரு நல்லது இருக்கு, பேர் போடாம எழுதலாம். டாய்லெட் சரியில்ல, சூபர்வைசர் மரியாதை இல்லாம பேசறார், இந்த மாதிரி நேர்ல சொல்ல முடியாத விஷயத்துக்கு அது வேணும். அதனால பெட்டியைக் கழட்டல, ஆனா இப்போ அது புகாருக்கு மட்டும், சாவி என் கிட்ட, வாராவாரம் சனிக்கிழமை திறக்கறேன்.

மாசக் கூட்டம்

அடுத்து மாசக் கடைசி சனிக்கிழமை டீ, வடையோட ஒரு மணி நேரம் கூட்டம், யார் வேணா என்ன வேணா சொல்லலாம், யாரும் குறை சொல்லக் கூடாது. ப்ரெயின்ஸ்டார்மிங்னு சொல்றாங்கல்ல அதேதான், விளம்பரக் கம்பெனி நடத்தின அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1930கள் கடைசியில கொண்டு வந்தது. விளம்பரக்காரங்களுக்கு சரியா இருந்திருக்கலாம். எங்க கிட்ட நடந்தது என்னன்னா, ஓனர் நடுவுல உக்காருவார், மிஷினுக்கு ப்ரோக்ராம் எழுதற தம்பி முதல்ல ஒண்ணு சொல்வார், அவர் டிப்ளமோ படிச்சவர், அழகா பேசுவார், அதுக்கப்புறம் எல்லாரும் "ஆமாங்க, அதேதாங்க"ன்னு தலையாட்டிட்டு வடையை முடிச்சுட்டு கிளம்பிடுவாங்க. 20 வருஷமா லேத் ஓட்டினவர் பின் வரிசையில கையைக் கட்டிட்டு நிப்பார். அவருக்குத் தெரிஞ்சதுல பத்துல ஒண்ணு கூட அந்த ரூம்ல வெளிய வராது.

இது எங்க ஆளுங்களோட குறையோன்னு நெனச்சுட்டு இருந்தேன், அப்புறம் படிச்சப்போதான் தெரிஞ்சுது, யேல் பல்கலைக்கழகத்துல 1958லயே இதைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. நாலு பேரைச் சேத்து உக்கார வெச்சா வர்ற யோசனையை விட, நாலு பேரும் தனித்தனியா உக்காந்து எழுதினதைச் சேத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வந்திருக்கு. பின்னாடி 1987ல வேற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காரணத்தையும் பிரிச்சுக் காட்டினாங்க, கூட்டத்துல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், மத்தவங்க முறைக்குக் காத்திருக்கறதுக்குள்ள மனசுல வந்தது போயிடும்.

கூட்டமே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். போன வருஷம் புது விஎம்சி மிஷின் (கம்ப்யூட்டர்ல ஓடற மில்லிங் மிஷின்) வந்தப்போ எந்த இடத்துல வெக்கறது, மத்ததை எப்படி நகத்தறதுன்னு பெரிய குழப்பம். அப்போ பேசற கூட்டத்துக்கு பதிலா எழுதற கூட்டம் போட்டோம். ஜெர்மனியில 1968ல வந்த முறை, ஆறு பேர், ஆளுக்கு மூணு யோசனை, அஞ்சு நிமிஷம், அப்புறம் பேப்பரைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளணும், அவர் அதைப் பாத்துட்டு அடுத்த மூணு எழுதணும். அரை மணி நேரத்துல பேப்பர் சுத்தி வந்துடும். நாங்க எழுத்துக்கு பதிலா படம் வரையச் சொன்னோம், பீகார் பையன் ஒருத்தன் வரைஞ்ச லேஅவுட்டைத்தான் கொஞ்சம் மாத்தி வெச்சிருக்கோம். ஆனா இந்த மாதிரி பெரிய கேள்வி வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வரும், நான் செஞ்சதும் ரெண்டே தடவை, அதனால இதைப் பத்தி அடிச்சுச் சொல்ல என் கிட்ட அனுபவம் பத்தாது.

சுவர் போர்டு

இப்போ ரெண்டு வருஷமா ஓடறது இது. தண்ணி ட்ரம் பக்கத்துல, எல்லாரும் கடந்து போற இடத்துல ஒரு வெள்ளை போர்டு, மூணு கட்டம்: வந்தது, ட்ரை பண்றோம், முடிவு. யோசனையை எழுதியும் தரலாம், வாயில சொன்னாலும் போதும், ஹிந்தியில வாட்ஸப் வாய்ஸ் அனுப்பினாலும் சரி, நான் எழுதி அவங்க பேரோட ஒட்டிடுவேன். டொயோட்டாவுல இருந்து வந்த பழக்கம்தான், எய்ஜி டொயோடா 1950ல அமெரிக்கா போய் ஃபோர்டு ஆலையில யோசனை வாங்கற முறையைப் பாத்துட்டு வந்து 1951ல அங்க ஆரம்பிச்சாங்க. பெரிய கம்பெனிக்குத்தான் இதெல்லாம்னு நெனைக்காதீங்க, போர்டும் மார்க்கரும் இருந்தா நாலு பேர் ஒர்க்‌ஷாப்லயும் ஓடும்.

ஆனா போர்டு மாட்டறது பெரிய விஷயமே இல்ல. நான் இவ்ளோ எழுதறதே இந்த ஒண்ணுக்குத்தான்: பதில். யோசனை சொன்னவருக்கு ரெண்டு வேலை நாளுக்குள்ள பதில் போகணும், அதுவும் அவர் மிஷின் கிட்ட போய் நேர்ல சொல்லணும். பெட்டி செத்ததும் இதுலதான், கூட்டம் செத்ததும் இதுலதான் ("நோட் பண்ணிக்கிட்டோம், அடுத்த மாசம் பாப்போம்"). மூணு முறைக்கும் நடுவுல நான் பாத்த நிஜமான வித்தியாசம் இது ஒண்ணுதான்.

ரெண்டு நாள்ல பதில் சொல்லணும்னா பதில் சொல்றவன் கையில அதிகாரம் இருக்கணும். இதை ஓனர் கிட்ட பேசி வாங்கறதுக்குத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. 1,500 ரூபாய்க்குள்ள முடியறதா இருந்தா அவரைக் கேக்காம நானே சரின்னு சொல்லலாம், பில்லை மட்டும் மாசக் கடைசியில காட்டினாப் போதும். அது கிடைச்ச அன்னைக்குத்தான் போர்டுக்கு உயிர் வந்துச்சுன்னு சொல்வேன்.

ஒரு உதாரணம். ஒடிசாப் பையன், வந்து எட்டு மாசம்தான் ஆச்சு. ஷாஃப்ட் எல்லாம் டேபிள் மேல உருண்டு ஒண்ணோட ஒண்ணு இடிச்சு திரெட்ல (மரையில) அடி வாங்கிடும், அளவு பாக்கற கேஜ் ஏறாது, மரை வெட்டற டை போட்டு ரீவொர்க் பண்ணுவோம், தினமும் பத்துப் பன்னெண்டு பீஸ், அது வழக்கம்னே விட்டிருந்தோம். அவன் ஒரு மரக்கட்டையில வி மாதிரி வரிசையா வெட்டி அதுல பழைய பெல்ட் ரப்பரை ஒட்டி ஷாஃப்ட்டைத் தனித்தனியா வெக்கலாம்னு ஒரு படம் அனுப்பினான். சாயங்காலமே சரின்னு சொல்லி, அடுத்த நாள் தச்சுப் பட்டறைக்கு அவனையே கூட்டிட்டுப் போனேன், 700 ரூபாய் ஆச்சு. இப்போ அந்த ரீவொர்க் வாரத்துக்கு ரெண்டோ மூணோ. அதை விட முக்கியம், அவனைப் பாத்து மத்த பசங்க ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க.

வேண்டாம்னு சொல்றதும் பதில்தாங்க, ஆனா காரணத்தோட சொல்லணும். ஒரு ஆபரேட்டர் இம்பெல்லர்ல ஃபீட், அதாவது வெட்டற முனை நகர்ற வேகத்தை, ஏத்தலாம்னார். முடியாதுங்கண்ணா, வார்த்து வந்த காஸ்டிங் மேல் தோல்ல மணல் இருக்கு, முனை உடையுதுன்னு, உடைஞ்ச இன்செர்ட்டையே (அந்த வெட்டற முனையை) கொண்டு போய் காட்டினேன். நாலு நாள் கழிச்சு அவரே வந்து, "அப்போ முதல் கட் பழைய ஃபீட்லயே போகட்டும், தோல் போனதுக்கப்புறம் ரெண்டாவது கட்ல மட்டும் ஏத்தலாமுங்களா"ன்னார். ஓட்டிப் பாத்தோம், ஒரு பீஸுக்கு 20 செகண்ட் மிச்சம். காரணம் சொல்லாம வேண்டாம்னு மட்டும் சொல்லியிருந்தா இந்த ரெண்டாவது யோசனை வந்திருக்காது.

இதோட குறையையும் சொல்லணும், இது தினமும் கவனிக்க வேண்டிய முறை. எனக்கு தினமும் 20 நிமிஷம் இதுக்கே போகுது. தங்கச்சி கல்யாணத்துக்கு ஒன்பது நாள் லீவுல போனேன், திரும்பி வந்தா போர்டுல ஏழு சீட்டு பதில் இல்லாம தொங்குது. அந்த ஏழுக்கும் ஒரே நாள்ல பதில் சொல்லியும் அடுத்த மூணு வாரத்துக்கு புதுசா வந்தது ரெண்டே ரெண்டு. ஆளுங்க நம்பிக்கை அவ்ளோ மெல்லிசு. செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி, நேத்து ரெண்டு குடம் ஊத்தினேன்னு இன்னைக்கு விட முடியாது.

பரிசுப் பணம் பத்தியும் கேப்பீங்க. முதல்ல யோசனைக்கு 500 ரூபாய்னு வெச்சோம், "இதை முதல்ல சொன்னது நான்தான்"னு ரெண்டு பேர் நடுவுல மனஸ்தாபம் ஆகி ஒரு மாசம் பேசிக்கல. இப்போ எடுத்துக்கிட்ட ஒவ்வொரு யோசனைக்கும் 50 ரூபாய், யார் சொன்னாலும் அதே 50. ஆயுத பூஜை அன்னைக்கு அந்த வருஷம் நடந்த மாத்தம் எல்லாத்தையும் சொன்னவங்க பேரோட மைக்ல படிக்கறோம், குடும்பத்தோட வருவாங்க இல்லையா, பையன் பேர் வர்றப்போ அம்மாவோட முகத்தைப் பாக்கணும்.

வேலை நேரத்துலயே கொஞ்சம் நேரத்தை அவங்க இஷ்டத்துக்கு விட்டுடற முறையும் இருக்கு, 3எம் கம்பெனியில 15 சதவீதம்னு 1948ல இருந்தே வழக்கம். மஞ்சள் ஒட்டுச் சீட்டு அந்தக் கம்பெனி சரக்குதான், ஆனா பசையைக் கண்டுபிடிச்சது 1968, அமெரிக்கா முழுக்க கடைக்கு வந்தது 1980. பன்னெண்டு வருஷம் பொறுக்கணும். ஜாப் ஒர்க் பண்ற எங்களால அது முடியாது, சாஃப்ட்வேர், டிசைன் டீமுக்கு ஒத்து வரலாம், நான் அந்த வேலை பாத்ததில்ல.

போர்டு ஆரம்பிக்கறவங்க மாட்டறதுக்கு முன்னாடி ஓனர் கிட்ட அந்தச் செலவு அதிகாரத்தை வாங்கிடுங்க, தொகை சின்னதா இருந்தாலும் பரவால்ல, அது கிடைக்கலைன்னா இப்போதைக்கு மாட்டாதீங்க. எங்களுக்கு இன்னும் தீராம இருக்கறது நைட் ஷிஃப்ட், நான் இருக்க மாட்டேன், அங்க இருந்து வர்ற யோசனை பகல்ல வர்றதுல பாதி கூட இல்ல. போன மாசத்துல இருந்து ராத்திரி மிஷின் செட் பண்ற செட்டர் அண்ணன் கிட்ட 500 ரூபாய் வரைக்கும் அவரே சரி சொல்லலாம்னு மார்க்கரைக் குடுத்திருக்கேன். இதுவரைக்கும் நாலு சீட்டுக்கு அவரே பதில் சொல்லியிருக்கார், அதுல ஒண்ணு "வேண்டாம்", பக்கத்துலயே காரணத்தையும் எழுதி வெச்சிருந்தார்.