அரையாண்டு லீவில் சென்னை: சபாவா, மாடவீதியா, தீவுத்திடலா?

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளோடு சென்னைக்கு வருகிறவர்களுக்கு ஒரே குழப்பம்: இருக்கிற நாலு நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? டிசம்பர் கடைசியில் இந்த ஊரில் எல்லாமே ஒன்றாக நடக்கும். அத்தனையையும் பிடிக்கப் பார்த்தால் பாதி நாள் ஆட்டோவில் கழியும்.

முதலில் கச்சேரி. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து ஒரு இசை மாநாடும் நடந்தது. அதில் முளைத்த யோசனைதான் மறு ஆண்டு மியூசிக் அகாடமி ஆனது. இன்றைக்குத் தடுக்கி விழுந்தால் சபா, அதாவது கச்சேரி நடத்தும் அமைப்பு. புதிதாக வருகிறவர்கள் மாலைக் கச்சேரிக்கே அலைகிறார்கள்: பெரிய பெயர், டிக்கெட், இரண்டரை மணி நேர உட்காரல். பழகாத காதுக்கு அது கனம். என் ஓட்டு மத்தியானக் கச்சேரிக்குத்தான். பல சபாக்களில் அனுமதி இலவசம். வளர்ந்துவரும் பிள்ளைகள் பாடுவார்கள். கொடுத்த நேரத்துக்குள் மங்களம் என்கிற நிறைவுப் பாட்டு வரை வந்தாக வேண்டும் என்பதால் இழுவை இருக்காது.

பாட்டு நின்று தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் ஒரு கூட்டம் கான்டீனுக்கு எழுந்து போகும். நீங்கள் எழுந்துவிடாதீர்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கப்போவதே அந்தப் பகுதிதான். மிருதங்கம் ஒன்றை வாசிக்கும், கடம் அதைத் திருப்பிச் சொல்லும். சுற்றுக்குச் சுற்று வாசிப்பின் அளவு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இரண்டும் சேர்ந்து கோர்வை என்கிற முடிப்பை வைக்கும்போது முன்வரிசைத் தொடைகள் எல்லாவற்றிலும் தாளம் விழும். கான்டீன் எங்கேயும் ஓடிவிடாது. அங்கே கச்சேரி டிக்கெட்டும் கேட்க மாட்டார்கள். (சாப்பாட்டுக்காகவே இந்தக் கச்சேரி சீசனுக்கு வருகிற ஆட்கள் உண்டு. தப்பில்லை.)

இதற்கு நேர்போட்டி, மயிலாப்பூர் மாடவீதியின் விடியற்காலை. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மார்கழி பஜனை வரும். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் முன்னின்று பாடிப் பெயர் பெற்ற வழக்கம் அது. சபாவில் நீங்கள் ரசிகர், வாயைத் திறக்கக் கூடாது. இங்கே பின்னால் நடந்தால் போதும், நீங்களும் கோஷ்டி. சுருதி சேராவிட்டாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வழியில் வாசல்களையும் பாருங்கள்: ஈரம் காயாத கோலம், நடுவில் சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூ. வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும், ஆகவே எட்டு மணிக்கு வந்து பலனில்லை. செலவு ஒன்றும் கிடையாது, எழுந்திருப்பதுதான் விலை. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சாந்தோம் தேவாலயம் அங்கிருந்து பக்கம்தான். போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டியதை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இப்போதுள்ள வடிவில் எழுப்பினார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுத் திருப்பலி பார்க்க வேண்டியதுதான், கூட்டம் நெரியும். ஆனால் அதற்குப் போனால் மறுநாள் பஜனை கோவிந்தா. சின்னக் குழந்தை இருந்தால் 25-ஆம் தேதி மாலை குடில் பார்க்கப் போவதே உத்தமம்.

தீவுத்திடல் பொருட்காட்சிக்கு இந்த லீவில் அவசரப்பட வேண்டாம். தொடங்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். திறந்த புதிதில் அரசுத் துறை அரங்குகள் பலவற்றில் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள். ராட்டினமும் டெல்லி அப்பளமும் போதும் என்கிற பிள்ளைகளுக்குச் சரி.

புத்தகக் காட்சி வேறு ரகம். 1977 முதல் நடக்கிறது, எல்லாக் கடையிலும் 10 சதவீதக் கழிவு. ஆனால் பெரும்பாலும் பொங்கலை ஒட்டித்தான் களைகட்டும். லீவு முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் பட்டியலில் இதைச் சேர்க்காமல், பொங்கலுக்கு வரும்போது ஒரு வேலைநாள் மத்தியானமாகப் பார்த்துப் போகலாம். ஞாயிறு மாலை என்றால் அட்டையைப் புரட்டக்கூட இடம் கிடைக்காது.