செடியைப் பாட வைக்கும் கருவி: ஈரப் பஞ்சும் பாடியது

செடியின் இலையில் இரண்டு ஒட்டுகளை ஒட்டிவிட்டால் அதன் "மனதை" இசையாக்கித் தருகிறோம் என்று விற்கிறார்களே, அந்தக் கருவி ஒன்றை நாலு மாதமாக வைத்திருக்கிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை, இந்த வகையில் வருகிற எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன.

முதல் நாள் மணி பிளான்ட்டில் மாட்டினேன். ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுவார்களே, அதே மாதிரி ஜெல் வைத்த ஒட்டு. ஆப்பைத் திறந்ததும் மெல்ல ஒரு புல்லாங்குழல் ஒலி வந்தது, நான் பக்கத்தில் போனதும் வேகம் பிடித்தது, விலகினால் அடங்கியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது. செடிக்கு அறிவு உண்டு என்று வெகுநாளாக நம்புகிறவன் நான், அதனால் அன்று இரவு தூக்கமே வரவில்லை.

மறுநாள்தான் சந்தேகம் வந்தது. இலையைத் தொடாமல் வயருக்குப் பக்கத்தில் மட்டும் கையைக் கொண்டுபோனேன், அதே வேகம் வந்தது. அப்புறம் பாத்திரம் தேய்க்கிற பஞ்சை நனைத்து, பிழிந்து, அதில் ஒட்டுகளை மாட்டினேன். பஞ்சும் பாடியது! ஈரம் காயக் காயப் பாட்டு மாறிக்கொண்டே போனது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது செடி எது பஞ்சு என்று சொல்லவே முடியாது.

காரணம் எளிது. கருவி இலைக்குள் மிகச் சிறிய மின்சாரத்தை விட்டு, அது எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை அளக்கிறது. இலையின் ஈரம், ஒட்டின் பிடிப்பு, பக்கத்தில் நிற்கிற நம் உடம்பு, எது மாறினாலும் அந்த அளவு மாறும். அந்த மாற்றத்தை ஆப் ஏற்கெனவே தேர்ந்து வைத்திருக்கிற சுரங்களில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. எதை மாட்டினாலும் இனிமையாகக் கேட்பது அதனால்தான்.

பெட்டியோடு வந்த கையேடு 1966-இல் கிளீவ் பேக்ஸ்டர் என்ற அமெரிக்கர் பொய் கண்டறியும் கருவியை ஒரு செடியில் மாட்டியதையும், இலையைக் கொளுத்தலாம் என்று அவர் நினைத்த உடனே கருவியின் முள் துள்ளியதாக அவர் சொன்னதையும் பெருமையாக எழுதியிருக்கிறது. பிறகு அவர் வெளியிட்ட செடிச் சோதனையை மற்ற விஞ்ஞானிகள் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது செடி எந்த எதிர்வினையும் காட்டவில்லை, அது 1975-இல் வெளிவந்தும்விட்டது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான், ஏனென்றால் செடி நிஜமாகவே செய்கிற காரியங்கள் இந்தக் கதையைவிட எவ்வளவோ பெரியவை.

செடியை ஓரறிவு உயிர் என்போம், தொடுவுணர்வு ஒன்றுதான் என்று. அந்த ஒன்றை வைத்தே, இலைப் பொறியில் பூச்சி பிடித்துத் தின்கிற வீனஸ் ஃப்ளைட்ராப் செடி எண்ணுகிறது. உள்ளே இருக்கிற மெல்லிய முடியைப் பூச்சி ஒருமுறை தொட்டால் பொறி மூடாது, சுமார் 20 விநாடிக்குள் இரண்டாவது தடவை தொட்டால்தான் மூடும், மாட்டிக்கொண்ட பூச்சி உள்ளே துடித்து எண்ணிக்கை ஐந்தைத் தொட்ட பிறகுதான் செரிமானச் சாறு சுரக்கத் தொடங்கும். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. தொட்டாற்சிணுங்கியில் இப்படிப்பட்ட மின்துடிப்பை ஜகதீஷ் சந்திர போஸ் நூறு வருடத்துக்கு முன்பே அளந்து காட்டினார். இந்தக் கருவிக்கு அந்தத் துடிப்பைப் பிடிக்கிற வேலையே இல்லை.

கருவியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தொட்டாற்சிணுங்கித் தொட்டியை ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். ஒரே கிளையின் மேல் ஒரே உயரத்திலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் இலைகள் பட்டென்று மூடின, பிறகு பாதி மூடின, கடைசியில் சொட்டு விழ விழத் திறந்தபடியே இருந்தன. களைத்துவிட்டதோ என்று விரலால் தொட்டேன், உடனே மூடிக்கொண்டது! சொட்டு ஆபத்தில்லை என்று பழகியிருக்கிறது, விரலை வேறாகப் பார்க்கிறது. தாவர ஆய்வாளர் மோனிகா கல்யானோவின் குழு 2014-இல் தொட்டிகளைச் சிறிது உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு இதையே செய்தது, அந்தச் செடிகள் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தும் அதை மறக்கவில்லை. அதே ஆய்வாளர் பட்டாணிச் செடியில் 2016-இல் காட்டிய இன்னொரு வகைக் கற்றலை 2020-இல் வேறொருவர் செய்து பார்த்தபோது அது கிடைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மூளையும் நரம்பும் இல்லாததற்கு அறிவு என்ற சொல் பொருந்தாது என்று வாதிடும் தாவரவியலாளர்களும் நிறைய பேர். என் கருத்து, உணர்ந்து, நினைவில் வைத்து, அதற்கேற்ப நடப்பதை மாற்றிக்கொள்கிற உயிரை அறிவில்லாதது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அது நம்மை அடையாளம் கண்டு பாடுகிறது என்பது வேறு கதை, அதற்கு ஆதாரம் இல்லை.

சரி, பொருளைப் பற்றி மிச்சம். பேட்டரி நன்றாக நிற்கிறது, ஒலி அருமை, புளூடூத் அடிக்கடி அறுந்துபோகிறது. ஐந்துக்கு இரண்டு தருவேன், அதுவும் ஒலிக்காக. தூங்கப் போகும்போது கேட்க ஒரு இசைப்பெட்டி வேண்டும் என்றால் வாங்குங்கள், செடியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் வேண்டாம். வாங்கினால் ஒட்டை ஒரே இலையில் ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள், என் மணி பிளான்ட்டில் அந்த இடம் வட்டமாகப் பழுத்துப் போய்விட்டது.