மடிக்கணினி வைஃபை கோளாறும் வடசேரியில் கிடைத்த தீர்வும்

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டிலிருந்து, வளைகுடா நாடுகளில் வாழும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் இணையவழியில் கணக்குப் பாடம் எடுத்து வருகிறேன். இங்கே இரவு 8 மணி ஆகும்போது துபாயில் மாலை 6.30 என்பதால், பள்ளிவிட்டு வந்து சற்று ஓய்வெடுத்த பிள்ளைகள் வகுப்பில் அமரும் நேரமும் என் வீட்டு வேலை முடியும் நேரமும் பொருந்திவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் மடிக்கணினியின் வைஃபை நான்கைந்து முறை துண்டிக்கப்பட்டால், ஒரு பின்னக் கணக்கைக்கூட முழுதாகச் சொல்லி முடிக்க இயலாது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் இந்த அவதியைப் பட்ட பிறகு, நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு மாடிக் கடையில் அதற்குத் தீர்வு கிடைத்தது. அந்தக் கடையின் வேலை எப்படி இருந்தது என்பதை, இதே தொல்லையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

கோளாறு தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மடிக்கணினி அதிகம் சூடாகிறது என்று, வீட்டுக்கு அருகிலுள்ள வேறொரு கடையில் மின்விசிறியைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். வாங்கி வந்த அன்று மாலையே வைஃபை தடுமாறத் தொடங்கியது. இணையத்தை வீட்டுக்குள் பரப்பும் பெட்டியான ரூட்டர் இருக்கும் கூடத்தில் அமர்ந்தால் ஒருவாறு ஓடும்; அடுத்த அறைக்குப் போனால் ஒரு கோடு மட்டும் காட்டி அணைந்துவிடும். எனக்குத் தெரிந்தவற்றையெல்லாம் செய்து பார்த்தேன். ரூட்டரை அணைத்துச் சற்றுப் பொறுத்து மீண்டும் போட்டேன். சேமித்திருந்த இணைப்பை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லைப் புதிதாக இட்டேன். இணைப்பு அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும், விண்டோஸ் அமைப்புகளில் உள்ள நெட்வொர்க் ரீசெட்டையும் செய்தேன். ரீசெட் செய்தால் முன்பு சேமித்த எல்லா வைஃபை கடவுச்சொற்களும் அழிந்துவிடும் என்பதால், அவற்றை முதலில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. எதுவும் பலனளிக்கவில்லை. சுத்தம் செய்த கடைக்கே திரும்பிக் கொண்டுபோனபோது, மடிக்கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டு பழுதாகிவிட்டது, மாற்ற 7,500 ரூபாய் ஆகும் என்றார்கள். அந்தத் தொகை எனக்கு ஒரு மாத வருமானத்தின் பெரும்பகுதி என்பதால், முடிவெடுக்க மனம் வராமல் திரும்பி வந்தேன்.

வடசேரிக் கடையில் பணிபுரிபவர் இளைஞர். மடிக்கணினியைக் கையில் வாங்கும் முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, “டீச்சர், வீட்டுல போன்ல நெட் ஒழுங்கா வருதா?” என்பதுதான். அதே வைஃபையில் கைபேசி எந்த அறையிலும் தடையின்றி ஓடுகிறது என்றேன். அப்படியானால் இணைப்பு தரும் நிறுவனத்தையும் ரூட்டரையும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடலாம், மடிக்கணினியை மட்டும் பார்ப்போம் என்றார். கோளாறு எப்போது தொடங்கியது, அதற்கு முன் மடிக்கணினியை யாராவது திறந்தார்களா, தூக்க நிலையிலிருந்து எழுப்பும்போது மட்டும் வருகிறதா, எப்போதும் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்தப் பத்து நிமிடக் கேள்விகளுக்காகவே அந்தக் கடையை நான் மதிக்கிறேன்.

அடுத்து அவர் செய்த சோதனை மிக எளியது. வீட்டிலேயே எவரும் செய்து பார்க்கலாம். கைபேசியையே வைஃபை தரும் கருவியாக்கும் ஹாட்ஸ்பாட்டைத் தம் கைபேசியில் போட்டு, அதை மடிக்கணினியின் அருகில் ஒரு முழ தூரத்தில் வைத்து, இரண்டையும் இணைத்தார். கட்டளைச் சாளரத்தில் ஒரு வரி எழுதி, விண்டோஸ் அளந்து காட்டும் சிக்னல் சதவீதத்தை எனக்குக் காட்டினார். 38 என்று இருந்தது. இவ்வளவு அருகில் கைபேசி இருக்கும்போது அந்த எண் 90க்கு மேல் இருந்தாக வேண்டும் என்று விளக்கினார். பின்னர் கைபேசியை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தியதும் அது இருபதுகளுக்கு இறங்கியது. மென்பொருளில் குறை இருந்தால் இணைப்பு விட்டுவிட்டு வரலாம், ஆனால் பக்கத்திலிருக்கும் கைபேசியின் சிக்னல் இவ்வளவு மெலிந்து தெரியாது, எனவே ஆன்டெனாவைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

ஆனாலும் உடனே திருப்புளியை எடுத்துவிடவில்லை. கடைசி மூன்று நாட்களில் வைஃபை எப்போதெல்லாம் இணைந்தது, எப்போதெல்லாம் அறுந்தது, என்ன காரணம் பதிவானது என்பதையெல்லாம் ஒரே பக்கமாகத் தொகுத்துத் தரும் அறிக்கை ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. அதை எடுத்துப் பார்த்தபோது காலையிலும் மாலையிலும் நள்ளிரவிலும் ஒரே வகையான துண்டிப்புகள் இருந்தன. அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசல் காரணமாக இருந்தால் மாலையில் மிகுந்தும் விடியற்காலையில் குறைந்தும் இருந்திருக்கும் என்றார். வீட்டில் சில நேரங்களில் இணைந்ததாகக் காட்டியும் இணையம் வராமல் போகும், அப்போது வலையமைப்பில் மடிக்கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி 169.254 என்று தொடங்கும் என நான் சொன்னதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. முகவரி வேண்டி மடிக்கணினி அனுப்பும் செய்திக்கு ரூட்டரிடமிருந்து பதில் வந்து சேராதபோது, அது தனக்குத் தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொள்கிறது. அந்த எண்தான் 169.254 என்று தொடங்குகிறது. சிக்னல் மெலிந்திருந்தால் அந்தப் பதில் வழியிலேயே தொலைந்து போவது இயல்பு.

பிறகு என் கண்முன்னே அடிப்பலகையைத் திறந்தார். வைஃபை கார்டு என்பது இரண்டு விரல் அகலம்கூட இல்லாத சிறு பலகை. அதன் மேல் சட்டைப் பொத்தானைப் போல அழுத்திப் பொருத்தும் இரண்டு நுண்ணிய முனைகள் இருக்கின்றன. அவற்றில் மாட்டப்படும் கறுப்பு, வெள்ளை ஒயர்கள் இரண்டும் கீல் வழியாகத் திரையின் விளிம்புவரை சென்று ஆன்டெனாவில் முடிகின்றன. என் மடிக்கணினியில் கறுப்பு ஒயர் முழுவதும் கழன்று மின்விசிறியின் ஓரத்தில் கிடந்தது. சுத்தம் செய்தவர்கள் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட மறந்திருக்கிறார்கள். அதற்கு 7,500 ரூபாய் கேட்டார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது. வெள்ளை ஒயர் மாட்டப்பட்டிருந்தது, ஆனால் அதன் முனையில் பச்சை நிறத்தில் களிம்பு ஏறியிருந்தது. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கணினிகளில் இதை அடிக்கடி பார்ப்பதாகவும், கடலைப் பார்த்த சன்னலோரத்தில் மடிக்கணினியைத் திறந்து வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். நான் மூன்று ஆண்டுகளாக அமர்ந்து பாடம் எடுத்தது அந்தச் சன்னலோரத்தில்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் முனைகளைத் துடைத்து, உலரவிட்டு, இரண்டு ஒயர்களையும் அழுத்திப் பொருத்தி, அதே ஹாட்ஸ்பாட்டை அதே இடத்தில் வைத்துக் காட்டினார். எண் 99 ஆகியிருந்தது.

தூக்க நிலையிலிருந்து எழுப்பும்போது சில சமயம் வைஃபை காணாமலே போகிறது என்று நான் சொல்லியிருந்ததையும் அவர் மறக்கவில்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் ப்ராப்பர்டீஸைத் திறந்து, மின்சாரத்தைச் சேமிப்பதற்காக அந்தக் கார்டை அணைத்துக்கொள்ளக் கணினிக்கு அனுமதி தரும் குறியை எடுத்துவிட்டார். சில புதிய மடிக்கணினிகளில் அந்தப் பக்கமே இருக்காதாம். அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் பொறுத்தவரை, மடிக்கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒன்றே என்று சரிபார்த்துவிட்டு, அதைத் தொடவில்லை. வெளியிலிருந்து செருகும் சிறு வைஃபைக் கருவியான யுஎஸ்பி டாங்கிள் ஒன்றை வாங்கிக்கொள்ளட்டுமா என்று நானே கேட்டேன். அவர் கடையில் அது விற்பனைக்கு இருந்தது. அப்படியிருந்தும் தேவையில்லை என்று மறுத்துவிட்டார். மொத்தம் 450 ரூபாய் வாங்கினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டாலும், சூடேறிய பிறகும் இணைப்பு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, மாலை 6 மணிக்கு வரச் சொன்னவர், அன்று மின்தடை காரணமாக மறுநாள்தான் கொடுத்தார். சோதித்துத் தருவது சரியே, ஆனால் கடற்கரையிலிருந்து இரண்டாம் முறை பேருந்தேறி வருவதற்கு அரை நாள் போய்விடுகிறது. முன்கூட்டியே ஒரு அழைப்பு வந்திருந்தால் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அச்சிட்ட ரசீது கிடையாது. கேட்ட பிறகே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார், அதிலும் உத்தரவாதம் எத்தனை நாள் என்று குறிப்பிடவில்லை. மாடிப்படி குறுகலானது; முதியவர்கள் ஏறுவது கடினம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மிச்சம் இருந்தது. கூடத்திலும் நடு அறையிலும் வைஃபை நன்றாக ஓடியது. பின்பக்க அறையில் மட்டும் வேகம் விழுந்தது. எங்களுடையது ஒன்றரை அடித் தடிமனான வெட்டுக்கல் சுவர்கள் கொண்ட பழைய வீடு. கைபேசியில் அழைத்தபோது, கூடுதல் கட்டணம் எதுவும் கேட்காமல் கால் மணி நேரம் பொறுமையாகச் சொல்லித் தந்தார். ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. பின்னது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் மெலிந்துவிடும்; முன்னது சற்று மெதுவானாலும் சுவரை ஊடுருவும். ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள முகவரியைக் கொண்டு அதன் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைக்கச் சொன்னார். இப்போது பின்னறையில் 2.4ஐயும் கூடத்தில் 5ஐயும் பயன்படுத்துகிறேன். 2.4இல் உள்ள உட்பிரிவுகளான சேனல்களில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே என்பதால், அண்டை வீடுகளில் எது குறைவாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். எங்களுக்கு 11 பொருந்தியது. இரும்புப் பீரோவின் பின்னால் இருந்த ரூட்டரை எடுத்து, ஆள் உயரத்தில் திறந்த அலமாரியில் வைத்ததும் பெரிய மாற்றத்தைத் தந்தது. பீரோவின் இரும்பு அலையைத் தடுத்து நிறுத்துகிறது என்பது கேட்டபின் எளிதாகப் புரிகிறது.

இதை எழுதும்போது இரண்டு மாதங்கள் ஆகின்றன. ஒரு வகுப்பும் தடைபடவில்லை. கடைக்குப் போக நினைப்பவர்கள் முற்பகலிலேயே செல்லுங்கள், மதியத்துக்குப் பின் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தொலைபேசியையும் அப்போது எடுப்பதில்லை. சார்ஜரைக் கையோடு கொண்டுபோங்கள். மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் வைஃபை சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கார்டை மட்டும் மாற்ற இயலாது என்பதால், உங்களுடையது எந்த வகை என்று திறக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூடும்போது அந்த இரண்டு ஒயர்களும் மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.