மாத்திரையா, டிரிப்பா? கிட்னி மாற்றியவருக்குப் பூஞ்சை வந்தால்

தம்பிக்குக் கிட்னி மாற்றி இரண்டாவது வருடம். பாலக்கோட்டில் தக்காளித் தோட்டத்தில் கருவேல முள் குத்திய காலில், வலியே இல்லாமல் ஒரு கட்டி வளர்ந்தது. பரிசோதித்ததில் பூஞ்சை. கொரோனா காலத்தில் கேள்விப்பட்டோமே, அந்தக் கருப்புப் பூஞ்சை இல்லை. அது மியூகோர். இது மண்ணிலும் காய்ந்த முள்ளிலும் இருக்கும் வேறு இனம். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்பில் மெதுவாக வேர்விடும்.

கட்டியை அறுத்து எடுத்தார்கள். அப்புறம் எந்த மருந்து என்ற பேச்சு வந்தது.

ஆம்போடெரிசின் டிரிப் பலமானது. மியூகோருக்கும், மூளையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸுக்கும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் பழைய வகை கிட்னியையே கெடுக்கும். கொழுப்பு உறைக்குள் வைத்த லிப்போசோமல் வகையில் அந்தக் கெடுதல் குறைவு, விலையோ பல மடங்கு. பொட்டாசியம் இறங்குவதால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும்.

காஸ்போஃபங்கின் ஊசி கிட்னியை அவ்வளவாகக் கெடுக்காது, ரத்தத்தில் கேன்டிடா என்ற பூஞ்சை இருந்தால் முதல் தேர்வு. சிறுநீரில் போதுமான அளவு சேராது. மியூகோரிடமும் கிரிப்டோகாக்கஸிடமும் எடுபடாது.

தம்பிக்குக் கொடுத்தது இட்ராகோனசோல் மாத்திரை. படுக்கை வேண்டாம், வீட்டிலேயே இருக்கலாம். எனக்கும் இதுதான் சரி என்று பட்டது. ஆனால் எளிது என்று நினைத்ததுதான் தப்பு. ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் உட்பட இந்தக் குடும்பம் முழுவதும், புது கிட்னியை உடம்பு எதிர்க்காமல் இருக்கப் போடும் டாக்ரோலிமஸை (சுருக்கமாக டாக்ரோ) கல்லீரல் உடைப்பதைத் தடுக்கும். டாக்ரோ ரத்தத்தில் தேங்கினால் கை நடுங்கும், கிட்னி தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறும். வோரிகோனசோல் என்றால் டாக்ரோவைத் தொடக்கத்திலேயே மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பது வழக்கம். இட்ராகோனசோல் கேப்சூலுக்கு வயிற்றில் அமிலம் வேண்டும். சாப்பாட்டோடு போட வேண்டும். கூடவே அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போட்டால் மருந்து சரியாக ஏறாது, அதை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

நிறுத்தும் நாளும் அதே அளவு ஆபத்தானது. அதை எங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. பூஞ்சை மாத்திரை நின்றதும் டாக்ரோ லெவல் சரியும், உடம்பு புது கிட்னியை எதிர்க்கத் தொடங்கலாம். டாக்ரோ லெவல் பார்க்க வழியில்லாதவர் இந்தப் பூஞ்சை மாத்திரையைத் தொடங்கவே கூடாது என்பேன்.

லெவல் பார்க்க நாங்கள் விடியற்காலை பஸ்ஸில் தொப்பூர் கணவாய் வழியாக இறங்கி சேலம் போவோம். காலை டாக்ரோ தம்பியின் சட்டைப் பையில் இருக்கும். ரத்தம் கொடுத்த பிறகுதான் அதை விழுங்குவான்.